எழுந்து பார்த்து எடுத்த நாற்காலி

செகந்திராபாத் பக்கம் மௌலா அலியில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு அம்மா வந்ததிலிருந்து, வீட்டுக்கு யார் வந்தாலும் சுவரில் சாய்ந்து நின்றபடிதான் பேசுவாள். உட்காரச் சொன்னால், "இருக்கட்டும்" என்பாள். இதைத் தன் வீடாக அவள் நினைக்கவில்லை என்று எனக்குள் ஒரே பொருமல். கேட்கவும் பயம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, செகந்திராபாத்தில் பழைய சோபாக்கள் விற்கும் கடைக்கு அவளையும் கூட்டிப்போனேன். சிவப்பு வெல்வெட் போட்டு, கால்களில் பூ செதுக்கிய சோபா ஒன்று பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. உட்கார்ந்தால் அப்படியே உள்வாங்கிக்கொண்டது. அம்மாவையும் உட்காரவைத்தேன். அவளால் எழுந்திருக்க முடியவில்லை. கடைக்காரரும் நானும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்கினோம். அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுச் சோபா இதைவிடத் தாழ்வு. அவள் உட்காராமல் நின்றதற்கு முழங்கால் வலிதானா காரணம்? எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

நான் வெல்வெட்டைத் தடவிக்கொண்டு நின்றபோது, அம்மா மூலையில் கிடந்த சாயம்போன பச்சை நாற்காலியில் உட்கார்ந்தாள். மரக்கைகளை ஊன்றி எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள், எழுந்தாள்.

"மெத்தை கல்லு மாதிரி இருக்கேம்மா."

"அதுதான் வேணும். இதை எடு."

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். அம்மா பச்சை நாற்காலியில் உட்கார்ந்து, அவர்களைப் போகவிடாமல் பேசினாள். அவர்கள் கிளம்பியதும் வாசல்வரை போய் வழியனுப்பினாள். எங்கள் தாழ்வான சோபாவிலிருந்து எழுந்திருக்க எனக்குத்தான் நேரமாயிற்று.