நாற்பதாவது சுகதேகி

ஸஹாப்தீனோடு எனக்குப் பழக்கம் ஏற்பட்டது என் உணவுக்குழாயால்தான். 1979இல் டொக்டர் ஞானசேகரம் இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்து, லிங்கநகரில் இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்தார். விழுங்கும்போது உணவுக்குழாயின் தசை எவ்வளவு பலமாக நெரிக்கிறது என்று அளக்கும் கருவி ஒன்று அவரிடம் இருந்தது. நோயாளியை அளக்க முன்னர் நோயில்லாதவரின் அளவு தெரிய வேண்டும். புத்தகத்தில் இருந்ததெல்லாம் வெள்ளைக்காரரின் அளவு. ஆகவே நம் ஊரில் நாற்பது சுகதேகிகள் தேவைப்பட்டார்கள்.

அவர்களைப் பிடித்துத் தருவது டொக்டரின் உதவியாளர் ஸஹாப்தீனின் வேலை. கிண்ணியாக்காரர், நாற்பத்தைந்து வயது, ஒட்டி உலர்ந்த தேகம். முன்பு துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். காய்ச்சல் என்று ஒரு நாள்கூடப் படுத்ததில்லை என்பது அவருடைய பெருமை. அந்தப் பெருமையைக் கேட்டுக் காது புளிக்காதவர் ஊரில் இல்லை. நோயில்லாத மனிதன் மூக்கு வழியாகக் குழாய் விட ஏன் சம்மதிக்கப் போகிறான்? ஆனால் ஸஹாப்தீன் கேட்டால் சம்மதித்தார்கள். கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்த என்னை அவர் பஸ் நிலையத்தில் பிடித்தார்.

"சாப்பாடு நெஞ்சில நிக்கிறதோ?"

"பிட்டு சாப்பிட்டால் இடைக்கிடை நிக்கும்."

"பிட்டு ஆருக்குத்தான் நிக்காது? அது கணக்கில்ல. சனிக்கிழம வெறும் வயித்தோட வாங்க."

நான் பதினேழாவது ஆள். குழாய் மூக்கினூடாக இறங்கியபோது கண்ணீர் ஓடியது. ஸஹாப்தீனை மனதுக்குள் நன்றாகத் திட்டினேன். பிறகு படுக்க வைத்து, அரை நிமிடத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர் தந்தார்கள். இடையில் எச்சில்கூட விழுங்கக் கூடாது. ஒவ்வொரு மடக்குக்கும், ஓடும் காகிதத்தில் கருவியின் மூன்று பேனாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பித் தணிந்தன. "வடிவாய்க் கிடக்கு" என்றார் டொக்டர். எனக்கு அற்ப சந்தோஷம்.

முப்பத்தொன்பது பேர் முடிந்தார்கள். நாற்பதாவது இடத்தில் ஸஹாப்தீன் தன் பெயரைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். தெருவெல்லாம் அதையே சொல்லித் திரிந்தார்.

அவர் விழுங்கியபோது பேனாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் இலேசாக அசைந்து படுத்துவிட்டன. இரைப்பை வாசலின் இறுக்கமும் தளரவில்லை. டொக்டர் குழாயை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்தார். அப்படியேதான்.

"சாப்பாடு இறங்கக் கஷ்டமில்லையா?"

"இல்ல டொக்டர். பிட்டுக்கு மட்டும் ஒரு செம்புத் தண்ணி குடிப்பன். எழும்பி நாலு எட்டு நடந்தா இறங்கிரும்."

"சோறு?"

"ஆணம் நிறைய ஊத்திக் கொழைச்சாத்தான் ஏலும்."

"எவ்வளவு காலமாய்?"

"ஆறேழு வருஷம் இருக்கும். பிட்டு எண்டா அப்பிடித்தானே?"

பிட்டு அப்படியில்லை. அவருக்கு அது நின்றதற்குக் காரணம் ஒரு நோய். கண்டிக்குப் போனால் குணப்படுத்தலாம் என்றார் டொக்டர். தலையில் கை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. முப்பத்தொன்பது பேரிடமும் "நிக்கிறதோ" என்று கேட்டவர், நிற்பதுதான் வழமை என்று நினைத்திருந்த இந்த மனிதர். எல்லாரையும் திரும்பக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டியதாயிற்று. நல்ல காலம், எங்கள் காகிதங்களில் பிழை இருக்கவில்லை.

கண்டியில் சிறு பலூனை உள்ளே விட்டு ஊதி, இறுகிய வாசலை விரித்துவிட்டார்கள். திரும்பி வந்த ஸஹாப்தீன் பிட்டைத் தண்ணீரில்லாமல் சாப்பிட்டார். நேரே டொக்டரிடம் போய், இனித் தன்னை அளக்கலாம் என்றார்.

"வைத்தியம் செய்த ஆளைச் சுகதேகி எண்டு எழுத ஏலாது, ஸஹாப்தீன்."

அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. நானும் அன்று விசாரணைக்காக அங்கே இருந்தேன். கூட வந்திருந்த அவருடைய மனைவி பல்கீஸ், "அப்ப என்னைய அளந்து பாருங்க" என்றாள். டொக்டர் விசாரித்தார். அவளுக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் இருந்து ஒன்றும் சாப்பிட்டிருக்கவுமில்லை.

குழாய் இறங்கியபோது அவள் கண்ணீர் விடவில்லை, முனகவில்லை. பத்து மடக்குக்கும் பேனாக்கள் வரிசை தப்பாமல் எழும்பின. ஸஹாப்தீன் காகிதத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்குப் பிட்டு நிக்கிறேல்லயா?"

"ஒரு நாளும் இல்ல."

"அப்ப ஏன் புள்ள எனக்கு ஒண்டும் சொல்லல்ல?"

பல்கீஸ் முக்காட்டைச் சரிசெய்தாள். "செம்ப நிரப்பி வெச்சது நான்தானே. ஊரெல்லாம் கேட்டீங்க. என்னட்ட ஒருக்காவும் கேக்கல்லயே."

ஸஹாப்தீன் பட்டியலை எடுத்து, தன் பெயரை ரப்பரால் அழித்தார். பிறகு டொக்டரிடம் பேனா வாங்கி, அந்த இடத்தில் அவள் பெயரை எழுதினார்.