லீவுக்கு மட்டும்

போன ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஒரு கடைக்குப் போயிருந்தோம். மகள் ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் கொடுத்து வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டாள். பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிற பிள்ளை. பளபளப்பான பொட்டலம், மேலே வளைத்து வளைத்து இங்கிலீஷ் எழுத்து, உள்ளே பந்து பந்தாகச் சுற்றிய துணிக் கயிறு. அதை வைத்துச் சுவரில் மாட்டுகிற அலங்காரம் ஒன்று பின்னலாமாம். போனில் பார்த்திருக்கிறாள்.

பொட்டலம் ஒரு மூலையில் கிழிந்திருந்தது. விரலை விட்டு ஒரு நுனியை இழுத்துப் பார்த்தேன். துணியின் இரண்டு ஓரமும் உள்ளே சுருண்டு குழாய் மாதிரி ஆனது. பனியன் துணி. கட்டிங் டேபிளுக்குக் கீழே விழுகிற வேஸ்ட்டை நீளவாக்கில் கிழித்துச் சுற்றியிருக்கிறார்கள். முகர்ந்து பார்த்தேன். சாயமும் சோப்பும் கொஞ்சம் மெஷின் எண்ணெயும் கலந்த, தினமும் கம்பெனியில் முகர்கிற அதே வாசனை. பொட்டலத்தை இருந்த இடத்திலேயே வைத்தேன். வைத்தேன் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். வைத்த வேகத்தில் அடுக்கில் இருந்த மற்றதெல்லாம் சரிந்து கீழே விழுந்தது.

"ஏம்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று மகள் பல்லைக் கடித்தாள்.

எனக்குக் கோபம் சுலபமாக வராது. வருவதெல்லாம் பயம்தான். கேஸை மூடினேனா, மோட்டாரை நிறுத்தினேனா என்று பஸ் ஸ்டாப் வரை போய்விட்டு, பூட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கத் திரும்பி வருகிற ஆள் நான். கம்பெனி வேன் ஒரு திருப்பத்தில் கொஞ்சம் சாய்ந்தாலும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள். அப்படிப்பட்டவள் நடுக்கடையில் பொட்டலத்தைத் தள்ளிவிட்டு நின்றேன் என்றால், அதற்கு ஒரு காரணம் இருக்கத்தானே வேண்டும்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இதே பனியன் ஊரில், நெருப்பெரிச்சலில் லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய ஒற்றை அறைகள், மேலே சிமெண்ட் ஷீட். அப்பா கட்டிங் செக்‌ஷனில் துணி விரிக்கிற வேலை, அம்மா செக்கிங். நான் ஏழாவது முடித்த கோடை அது. அந்த வருஷம் ஆர்டர் குறைந்துபோய், மதியச் சோற்று நேரத்தோடு கம்பெனியை மூடிவிடுவார்கள். அம்மாவும் அப்பாவும் வெயிலில் நடந்து வீட்டுக்கு வருவார்கள். அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கவலை என்று இப்போது தெரிகிறது. அப்போது எனக்கும் தம்பிக்கும் திருவிழாதான். மதியத்தில் அப்பாவும் அம்மாவும் வீட்டில் இருந்தால் வேறு என்ன வேண்டும்?

சிமெண்ட் ஷீட்டுக்குக் கீழே சித்திரை மாதத்தில் உட்கார்ந்திருக்கிறீர்களா? தோசைக்கல்லை மேலே கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். தம்பிக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, முதுகைச் சுவரில் தேய்த்துக்கொண்டே இருப்பான். ஷீட்டுக்குக் கீழே ஏதாவது துணியைக் கட்டினால் அனல் குறையும் என்று அம்மாதான் ஆரம்பித்தாள். கட்டுவதற்கு அவ்வளவு பெரிய துணி வீட்டில் இல்லை. அப்பா மறுநாள் கம்பெனியிலிருந்து வேஸ்ட் மூட்டை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் அதைக் கேட்பாரில்லை.

வீட்டில் இருந்த ஒரே நாடாக் கட்டிலின் நாடாவை அப்பா அவிழ்த்துவிட்டார். வெறும் சட்டத்தில் துணிக் கயிற்றை நீளவாக்கில் கட்டி, குறுக்கே விட்டு விட்டுப் பின்னவேண்டும். ஒரு பாகம் முடிந்ததும் சட்டத்திலிருந்து கழற்றி மேலே கட்டிவிட்டு அடுத்ததை ஆரம்பிக்கலாம். ஆக மொத்தம், வெயிலுக்குப் பந்தல் போடுகிறோம் என்று அந்தக் கோடை முழுவதும் வீட்டில் படுக்கக் கட்டில் இல்லாமல் செய்துகொண்ட குடும்பம் எங்களுடையது.

நாலு பேருக்கு நாலு பாகம். அம்மாவின் பாகம் முழுக்க வெள்ளை. வெள்ளைதான் குளிர்ச்சி என்று ஒரே பிடிவாதம். அப்பா, துணி விரிக்கிறவர் ஆயிற்றே, கோடு பிசகாமல் கட்டம் போட்டார். தம்பி ரயில் விட்டான். பின்னி முடித்துப் பார்த்தால் அது எங்களுக்குப் பாம்பாகத் தெரிந்தது. அவன் கடைசி வரைக்கும் ரயில் என்றுதான் சொன்னான். நான் மஞ்சளும் ஆரஞ்சுமாகச் சூரியன் ஒன்றைத் தொடங்கினேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"மேல இருக்கறது பத்தாதுன்னு ஊட்டுக்குள்ள வேற ஒண்ணு கொண்டாறியா கண்ணு?"

மற்ற மூன்றும் மேலே ஏறிவிட்டன. அனல் குறைந்ததா என்று கேட்டால், குறைந்தது என்று நாங்கள் நாலு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். எனக்கு மட்டும் அதன் அடியில் படுக்கப் பயம். பல்லி வந்து பின்னலில் உட்கார்ந்து, பின்னல் அறுந்து, பல்லியோடு என் வாயில் விழும் என்று கணக்குப் போட்டு வாசற்படி ஓரமாகப் படுப்பேன். அப்பா வேண்டுமென்றே நாக்கைச் சுழித்துப் பல்லி மாதிரி சத்தம் போடுவார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிப்பாள். அம்மா அப்படிச் சிரித்து அதற்கப்புறம் நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லும்போதே எனக்குத் திரும்பவும் ஆத்திரம் வருகிறது.

என் சூரியன் பாதியில் இருக்கும்போது ஆர்டர் திரும்ப வந்துவிட்டது. கூடவே மாமாவும் வந்தார். அம்மாவின் தம்பி. ஒரு கம்பெனியில் பவர் டேபிள் காண்ட்ராக்ட் எடுத்திருந்தார், அதாவது தையல் பகுதிக்கு ஆள் பிடித்துக் கொடுத்து வேலை முடித்துத் தருகிறவர். வந்தவர் தரையில் உட்கார்ந்து, அண்ணாந்து பார்த்து, அசந்துபோய்ப் பாராட்டினார். அப்புறம் என் விரல்களைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"கை மெசினாட்டம் ஓடுதேக்கா. லீவு முடியறவரைக்கும் கைமடிக்கு உடு."

கைமடி என்றால் டெய்லருக்கு உதவி. தைப்பதற்கு முன்னால் துணியை மடித்துக் கொடுப்பது, தைத்ததை எடுத்து அடுக்குவது. அப்பாதான், பிள்ளை படிக்கிற பிள்ளை என்று மெதுவாக இழுத்தார்.

"படிக்க வேண்டாம்னு யாருங் மச்சா சொன்னாங்க? லீவுக்கு மட்டுந்தானுங். ஊட்ல சும்மாதான இருக்குது."

சும்மா. நாலு பேர் ஒரு கட்டில் சட்டத்தைச் சுற்றி உட்கார்ந்து ஒரு வீட்டுக்கே மேற்கூரை பின்னிக்கொண்டிருந்ததைத் தன் இரண்டு கண்ணாலும் பார்த்துவிட்டு, அதற்கு அவர் வைத்த பெயர் சும்மா. இந்த ஊரில் கூலி இல்லாமல் கை அசைந்தால் அது சும்மாதான். அன்றைக்கு எனக்கு இது தோன்றவில்லை. டிபன் பாக்ஸில் சோறு கட்டிக்கொண்டு வேனில் போகலாம் என்று மாமாவைவிட எனக்குத்தான் அவசரம்.

வைகாசி வெயிலில் அங்கே தைத்தது குளிர்தேசத்துப் பிள்ளைகள் போடுகிற தடித்த சட்டை. உள்பக்கம் பஞ்சு பஞ்சாக இருக்கும். பஞ்சு மூக்கில், புருவத்தில், தண்ணீர்ச் சொம்பில். நான் மடித்துக் கொடுத்த வேகத்தைப் பார்த்து டெய்லரம்மா, இந்தப் பிள்ளை இருந்தால் எனக்கு இன்னொரு கை என்று ஊரெல்லாம் சொன்னாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்கு வந்தால் கை வலிக்கும், பின்னல் பக்கம் போகமாட்டேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஓவர்டைம். தம்பி பக்கத்து வீட்டில் உட்கார்ந்திருப்பான். கட்டில் சட்டம் பாதிச் சூரியனோடு சுவரில் சாய்ந்து நின்றது.

ஜூன் வந்தது. அம்மா என் யூனிபார்ம் பாவாடையின் ஓரத்தைப் பிரித்து நீளமாக்கி, தேய்த்து, கொடியில் போட்டு வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முதல் நாள் மாமா வந்தார். இந்த ஷிப்மெண்ட் மட்டும் போய்விடட்டும், கண்டெய்னர் ஏறிய மறுநாளே நானே கொண்டுபோய் விடுகிறேன் என்றார். ஒரு வாரம்தானே என்று அம்மா நினைத்தாள். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். பள்ளிக்கூடம் ஓடியா போகிறது, ஆனால் ஷிப்மெண்ட் போனால் போனதுதான். பொய்யும் இல்லை, அந்தக் கண்டெய்னர் போகத்தான் செய்தது. போவதற்குள் அடுத்ததற்குத் துணி வந்து இறங்கிவிட்டது.

அப்பா ஒருநாள் அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு என்னைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குள் காலாண்டுப் பரீட்சையே முடிந்திருந்தது. தலைமையாசிரியர் திட்டவில்லை. வகுப்பு ரொம்ப தூரம் போய்விட்டது, வருகிற வருஷம் இதே வகுப்பில் புதிதாகச் சேர்த்துவிடுங்கள், பிள்ளைக்கு அதுதான் நல்லது என்று அக்கறையாகத்தான் சொன்னார். அப்பா கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளை எடுத்தவர் ஏறாமலேயே கம்பெனி வரைக்கும் தள்ளிக்கொண்டு நடந்தார். நான் பின்னால் நடந்தேன். அந்த வருகிற வருஷம் வந்தபோது எனக்குத் துணியின் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின் ஓட்டத் தெரிந்திருந்தது. பள்ளிக்கூடத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பந்தலும் நிற்கவில்லை. வீட்டுக்காரம்மா வாடகைக்கு வந்தபோது அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஏனுங், கரண்டு ஒயருக்குப் பக்கத்துல இத்தன துணிங்களா? தீப்புடிச்சா நாங்க என்னங்க பண்றது?" என்றார். நியாயமான பேச்சு. பயந்தாங்கொள்ளி நானே அதற்குத் தலையாட்டினேன். இறக்கி, பிரித்து, கம்பெனியில் மெஷின் துடைக்கக் கொண்டுபோனோம்.

இத்தனைக்கும் நான் யார் மேல் கோபப்படுவது, சொல்லுங்கள். மாமா கெட்டவர் இல்லை. அவரே அஞ்சாவதோடு நின்றவர், என் கல்யாணத்துக்குக் கடன் வாங்கிச் சீர் செய்தவர். அம்மா அந்தப் பாவாடையை ரொம்ப நாள் கொடியிலிருந்து எடுக்கவில்லை. தலைமையாசிரியர் அக்கறையாகப் பேசினார். எல்லாருமே மரியாதையாக, ங் போட்டு, கண்ணு என்று கூப்பிட்டுத்தான் என்னை வெளியே கொண்டுவந்து விட்டார்கள். ஒருத்தராவது கையைப் பிடித்து இழுத்திருந்தால் அவர் பெயரைச் சொல்லித் திட்டவாவது செய்யலாம். அந்த வசதியும் எனக்கு இல்லை. அதனால்தான் கடையில் பொட்டலத்தைத் தள்ளினேன் என்று நினைக்கிறேன்.

கடையிலிருந்து திரும்பிய அன்றைக்கே போன் வந்தது. மாமா மகன். இப்போது சொந்தமாக யூனிட் வைத்திருக்கிறான். பாப்பா பரீட்சை முடித்துவிட்டதே, பேக்கிங்கில் பார்கோடு ஒட்ட ஆள் இல்லை, ஏசி ரூம், கஷ்டமே இல்லை, லீவுக்கு மட்டும் அனுப்புங்கள் அக்கா என்றான். என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்குள் மகள் பக்கத்திலிருந்து, போகிறேன் போகிறேன் என்று சைகை காட்டுகிறாள். அவளோடு படித்த பிள்ளைகள் பாதிப் பேர் போகிறார்களாம்.

முடியாது என்று சொல்லி போனை வைத்தேன். மகளுக்கு முகம் தொங்கிவிட்டது.

"நீ போனதானம்மா?"

"போனேன். திரும்பி வரல."

"நான் வந்துருவேன்மா. சத்தியமா."

அவள் பொய் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் சத்தியமாக நம்பினேன். ரிசல்ட் வந்து பதினொன்றாவது சேருகிற வரைக்கும் எந்தக் கம்பெனி வாசற்படியையும் நீ மிதிக்கக்கூடாது என்று, பக்கத்து வீட்டு நாய் குரைக்கிற அளவுக்குச் சத்தம் போட்டேன். என் வீட்டுக்காரர் சாயப்பட்டறை வேலை முடிந்து வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். எனக்கு இப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

சரி, தடுத்துவிட்டேன். தடுத்து என்ன செய்தேன்? மறுநாள் காலையில் நான் வேனுக்குக் கிளம்புகிறேன், அவர் பட்டறைக்குக் கிளம்புகிறார், பிள்ளை ஃபேனுக்குக் கீழே போனோடு படுத்திருக்கிறாள். இருட்டிய பிறகு வந்து பார்த்தால் அதே இடம், அதே படுக்கை. லீவைக் காப்பாற்றி அவள் கையில் கொடுத்துவிட்டேன், அதில் வைக்க ஒன்றுமில்லை. இரண்டு நாள் இதைப் பார்த்தேன். மூன்றாம் நாள் சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன். என்ன விசேஷம் என்றார். பிள்ளைக்கு லீவு என்றேன். அவர் நான் விளையாடுகிறேன் என்று நினைத்துச் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் நான் போகவில்லை. சொல்லாமல் நின்றது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. வேன் ஹாரன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போகிற சத்தம் கேட்டது. வேலை போய்விடும் என்று ஒரு பயம், போனால் போகட்டும் என்று அதைவிடப் பெரிய ஆத்திரம். கதவைத் திறந்து வைத்துவிட்டு, நடுவீட்டில் தரையில் மகளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். காலை வெயில் அவள் முகத்தில் விழுந்திருந்தது. காதுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு மச்சம். எப்போது வந்ததென்றே எனக்குத் தெரியவில்லை.

அவள் போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண்ணில் பயம். என் வீட்டுப் பயம், எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

"ஏம்மா, உடம்புக்கு என்ன?"

பகலில் அம்மா வீட்டில் இருந்தால் காய்ச்சலாக இருக்கவேண்டும், இல்லையென்றால் யாராவது செத்திருக்கவேண்டும். அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். காய்ச்சலும் சாவும் இல்லாமல், நாலு பேர் நல்ல உடம்போடு மத்தியான வெளிச்சத்தில் ஒரே தரையில் உட்கார்ந்து வேலையற்றுச் சிரித்த வீடு ஒன்று இதே ஊரில் இருந்தது என்று எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வேன்? ஒன்றுமில்லை கண்ணு என்றேன். அவள் நம்பவில்லை. என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, எழுந்து போய் அலமாரியிலிருந்து மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தாள்.