தொலைபேசியில் கிளைவ் சொன்ன பதில்கள்

ஏவ்ரில் பிளான்ச்சர்டுக்கு அறுபத்தொரு வயது. அதில் நாற்பது வருஷம் இங்கிலாந்தின் துறைமுக ஊரான கிரிம்ஸ்பியின் மீன் பட்டறைகளில் நின்றபடியே போயிற்று. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவள், வெள்ளை ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஹேடாக் மீனின் முள்ளெடுக்க நின்றாள். நடுவில் ஒரு பெண் குழந்தை பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி நியூசிலாந்து போனது. மற்றபடி அதே குளிர், அதே மேஜை, கையில் அதே கத்தி. அறுபதில் வரவேண்டிய ஓய்வூதியத்தை அரசாங்கம் அறுபத்தாறுக்குத் தள்ளிப்போட்டபோதுகூட அவள் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "சரி, இன்னும் ஆறு வருஷம் கைல மீன் வாடை. பழகினதுதானே" என்றாள்.

கணவன் கிளைவ் கூரைக்கு ஓடு போடுகிறவன். போட்டுக்கொண்டிருந்தவன் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டாயிரமாவது ஆண்டு மார்ச் மாதம் மழை நனைத்த ஒரு கூரையிலிருந்து சறுக்கி விழுந்தான். முதுகு போயிற்று. அதற்கு மூன்று வருஷம் முன்னால்தான் ஒரு வெள்ளை வேன் கடனில் வாங்கியிருந்தான். வண்டி விற்ற கடையிலேயே நிதி நிறுவனத்து ஆள் மேஜை போட்டு உட்கார்ந்திருந்தான். கடனோடு கூடவே ஒரு காப்பீட்டையும் சேர்த்து எழுதினான். "வேலை போச்சு, உடம்பு சரியில்லன்னா தவணைய அவங்க கட்டிருவாங்க. இதை எடுத்தாத்தான் கடன் சீக்கிரம் பாஸாகும்" என்றான். கிளைவ் கையெழுத்துப் போட்டான். விழுந்தபிறகு காப்பீட்டுக்காரர்களுக்கு எழுதினால், சொந்தமாகத் தொழில் செய்கிறவர்களுக்கு இது பொருந்தாது என்று இரண்டே வரியில் பதில் வந்தது. படிவத்தில் 'சம்பளத்துக்கு வேலை செய்பவர்' என்ற கட்டத்தில் அந்த ஆளே டிக் அடித்திருந்தான். ஐந்தாவது மாதம் வந்து வேனை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதிலிருந்து அந்த வீட்டில் 'காப்பீடு' என்ற வார்த்தையை யாரும் எடுப்பதில்லை. படிக்காமல் கையெழுத்துப் போட்ட மடையன் என்று அவனை யாரும் திட்டவில்லை. அவனே மனதுக்குள் திட்டிக்கொண்டு, யாராவது வெளியே சொல்லிவிடுவார்களோ என்று இருபது வருஷம் காத்திருந்தான்.

பிறகு அந்தத் தொலைபேசி அழைப்புகள் தொடங்கின. கடனோடு தள்ளிவிட்ட காப்பீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று தீர்ப்பு வந்ததும், வாங்கித் தருகிறோம், எங்களுக்குக் கால்வாசி கொடுங்கள் என்று கம்பெனிகள் முளைத்தன. தேசத்தில் எந்த வீட்டையும் விடவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் மணி அடிக்கும். குளிக்கப் போனால் மணி அடிக்கும். தெருவில் ஒவ்வொருவருக்கும் அதைச் சமாளிக்க ஒரு வழி இருந்தது. எதிர்வீட்டுக்காரர் ரிசீவரில் விசில் ஊதுவார். கிளைவ் ஊதவில்லை. அவன் பேசினான்.

நாள் முழுக்க வீட்டில் கிடக்கிற மனிதன். மதுக்கடைக்குப் போகக் காசில்லை. முதுகு அரைமணி நேரத்துக்குமேல் உட்கார விடாது. அந்த அழைப்புகள்தான் அவனுக்குப் பொழுதுபோக்கு. ஒருநாள் கப்பற்படைத் தளபதியாகப் பேசுவான். ஒருநாள் காது கேளாத பாதிரியார். "இதோ அவரக் கூப்பிடுறேன், இருங்க" என்று சொல்லி ரிசீவரை ரேடியோ பக்கத்தில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவான். ஏவ்ரில் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள் கதை தயாராக இருக்கும்.

"இன்னிக்கு எவ்வளவு நேரம் தெரியுமா? முப்பத்தொரு நிமிஷம்."

"பாவம்டா, அதுவும் யாரோ பெத்த புள்ளதானே."

"புள்ளதான். கடைசில 'உங்களுக்கு வேற வேலையே இல்லையா'ன்னு கேட்டுச்சு. ஆமா, இல்லன்னேன்."

2018 குளிர்காலத்தில் ஏவ்ரிலின் பட்டறைக்கு ஒரு பெரிய கடையின் ஆர்டர் கைவிட்டுப் போனது. வாரத்தில் ஐந்து நாள் வேலை மூன்றாகச் சுருங்கியது. அரசாங்க உதவித்தொகைக்கு எழுதிப் போட்டால் முதல் பணம் வர ஐந்து வாரம். அந்த இடைவெளியில் விழுந்த வாடகைப் பாக்கி பிறகு எழுந்திருக்கவே இல்லை. 2019 கோடையில் அது இரண்டாயிரத்து நூறு பவுண்டைத் தாண்டியது. வீட்டுவசதிச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது: கட்டாவிட்டால் வீட்டைத் திருப்பிக் கேட்டு நீதிமன்றம் போவோம். கல்யாணமான மறு வருஷத்திலிருந்து அவர்கள் இருக்கிற வீடு அது. கிளைவுக்கு மாடிப்படி முடியாது என்று முன்னறையையே படுக்கையறையாக்கி, அவன் பிடித்து எழ ஏவ்ரில் தானே சுவரில் கம்பி அடித்திருந்தாள்.

பட்டறையில் பக்கத்து மேஜை ஷீனா. வாய்க்கு ஓய்வே கொடுக்காதவள். ஒருநாள் தேநீர் இடைவேளையில் சொன்னாள்: "ஏன்டி, உன் புருஷன் வேன் வாங்குனான்ல? அதுல அந்தக் காப்பீடு இருந்துச்சா?"

"இருந்துச்சு. அந்தப் பேச்ச விடு."

"விடுறதா? நான் சோபா வாங்குன கடனுக்கு எனக்கே ஆயிரத்து எண்ணூறு வந்துச்சு. டெனெரிஃப் தீவுக்குப் போய்ப் பன்னிக்குட்டி மாதிரி வெயில்ல கெடந்துட்டு வந்தேன். உனக்கு வட்டியோட மூவாயிரம் தேறும். அந்தக் கம்பெனிக்காரன் எவனும் வேணாம், நேரா நாமளே எழுதலாம். புகார் குடுக்க ஆகஸ்ட் இருபத்தொம்பதோட சரி. கெடு முடியப்போகுதுன்னு டிவி விளம்பரத்துல அந்த இரும்புத் தலை கத்துதே, கேக்கல?"

மூவாயிரம். பாக்கியும் தீர்ந்து கையிலும் கொஞ்சம் நிற்கும். அன்று வேலை முடிந்ததும் ஷீனாவின் சமையலறையிலேயே உட்கார்ந்து இருவரும் படிவத்தை நிரப்பினார்கள். கடன் கிளைவ் பேரில். ஆகவே புகாரும் கிளைவ் பேரில்தான் போக வேண்டும். அவனிடம் கேட்டால் வேனைப் பற்றிப் பேச வேண்டும். பேசினால் இரண்டு நாள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வான். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலிருந்து கேஸ் பில் வரை அவன் கையெழுத்தை முப்பத்தேழு வருஷமாக அவள்தான் போட்டுவந்தாள். இதிலும் போட்டாள். பணம் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். தொலைபேசி எண் என்ற இடத்தில் வீட்டு எண்ணை எழுதினாள். அவளுடைய கைப்பேசியைப் பட்டறையில் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள்.

செப்டம்பர் நடுவில் ஒரு சாயங்காலம் கிளைவ் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தான்.

"இன்னிக்கு ஒருத்தி மாட்டுனா பாரு, தங்கம். ரொம்ப மரியாதை. 'மிஸ்டர் பிளான்ச்சர்ட், அந்தச் சமயத்துல நீங்க சொந்தத் தொழிலா, சம்பளத்துக்கா'ன்னா. 'சம்பளந்தாம்மா, அரண்மனைல. ஒண்ணாந்தேதியானா டாண்ணு வந்துரும்'னேன்."

ஏவ்ரில் அடுப்பில் உருளைக்கிழங்கைக் கிளறிக்கொண்டே சிரித்தாள்.

"'காப்பீட்ட உங்களுக்கு விளக்கிச் சொன்னாங்களா?'ன்னா. 'எவ்வளவு அழகா சொன்னாரு தெரியுமா, எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு'ன்னேன். 'கட்டாயம் எடுக்கணும்னு சொன்னாங்களா?' 'ஐயோ, நான்தான் கெஞ்சி வாங்குனேன். ரெண்டா குடுங்கன்னு கேட்டேன், ஒண்ணுதான் குடுத்தாங்க.'"

"அவ சிரிக்கலியா?"

"இல்லடி. எல்லாத்தையும் டைப் பண்றா. கடைசில தேங்க்ஸ் வேற சொன்னா."

ஏவ்ரில் கண்ணைத் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தாள். மறுநாள் ஷீனாவிடமும் சொன்னாள். இருவரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். தினம் நாலு அழைப்பு வருகிற வீட்டில் ஒன்று மட்டும் வேறு என்று யாருக்கும் தோன்றவில்லை.

அக்டோபரில் கடிதம் வந்தது. சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்று படித்தாள். 'தங்கள் புகாரை ஏற்க இயலவில்லை' என்று தொடங்கியது. தாங்கள் அப்போது சம்பளத்துக்கு வேலை செய்ததாகத் தாங்களே உறுதிசெய்தீர்கள். காப்பீடு தங்களுக்குத் தெளிவாக விளக்கப்பட்டது. தாங்களாக விரும்பிக் கேட்டு வாங்கினீர்கள். இரண்டு காப்பீடுகள் கேட்டது வரைக்கும் அதில் இருந்தது. இந்த முடிவை ஏற்காவிட்டால் ஆறு மாதத்துக்குள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்று கடைசி வரி.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்னறையில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது.

"கிளைவ். அன்னிக்கு அரண்மனைல வேலைன்னு ஒருத்திகிட்ட சொன்னியே. அவ எங்கிருந்து பேசுறேன்னு சொன்னா?"

"எவளோ. வேன் கடன் குடுத்தவங்க பேரச் சொன்னா. இவளுங்களுக்கு அதெல்லாம் எங்கதான் கெடைக்குதோ." அவன் அவள் கையைப் பார்த்தான். "என்ன அது?"

கொடுத்தாள். அவன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தான்.

"நான் புகாரே பண்ணலியே."

"நான் பண்ணுனேன்."

"என் பேர்லயா?"

"உன் பேர்லதானே கடன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"சொன்னா விட்டிருப்பியா? வேன்னு எடுத்தாலே மூஞ்சியத் திருப்பிக்கிறியே."

"அதுக்கு? நான் ஒரு கூமுட்டை, எதுலயும் கையெழுத்துப் போட லாயக்கில்ல, அதானே?"

"அப்படியா சொன்னேன்?"

"சொல்ல வேற வேணுமா?"

அவள் எழுந்தாள். கெட்டிலில் தண்ணீர் பிடித்து வைத்தாள். கொதித்தபிறகும் ஊற்றாமல் அப்படியே நின்றாள்.

மறுநாள் அவளுக்கு வேலை இல்லாத நாள். காலையில் கிளைவ் சவரம் செய்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு தொலைபேசி முன்னால் உட்கார்ந்தான். யாரையோ நேரில் பார்க்கப் போகிறவன் போலிருந்தான். நாற்பது நிமிஷம் பாட்டுப் போட்டார்கள். இடையில் இரண்டு தடவை எழுந்து சுவர்க்கம்பியைப் பிடித்து நின்று முதுகை நிமிர்த்திக்கொண்டான். ரிசீவரை மட்டும் காதிலிருந்து எடுக்கவில்லை. பிறகு ஒரு பெண் வந்தாள். ஏவ்ரிலும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"அம்மா, அந்தப் பதில் எல்லாம் நான் விளையாட்டுக்குச் சொன்னதுங்க. நான் கூரை வேலை பண்றவன். சொந்தத் தொழில்."

"புரியுதுங்க சார். ஆனா உரையாடல் பதிவாகியிருக்கு. கேட்டுப் பாக்கறீங்களா?"

வேண்டாம் என்று அவன் சொல்வதற்குள் அது ஓடத் தொடங்கிவிட்டது. கிளைவின் குரல். தெளிவான, துள்ளலான குரல். 'ஒண்ணாந்தேதியானா டாண்ணு வந்துரும்.' ஏவ்ரில் கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள். அவன் அத்தனை சந்தோஷமாக அவளிடம் பேசி எத்தனை வருஷம் ஆயிற்று என்று ஒரு நினைப்பு வந்துபோனது. அதை அப்போது நினைப்பது அபத்தம் என்றும் தோன்றியது.

"பதிவுல எங்கயும் விளையாட்டுன்னு நீங்க சொல்லலியே சார்" என்றாள் அந்தப் பெண். வருத்தமாகத்தான் சொன்னாள். "பழைய கடன் படிவத்துலயும் சம்பளம்னு இருக்கு. நீங்களும் அதையேதான் சொல்லிருக்கீங்க. ரெண்டும் ஒத்துப்போகுது."

"படிவத்துல டிக் போட்டது உங்க ஆளுங்கம்மா."

"அதுக்குக் கீழ உங்க கையெழுத்து இருக்குங்க சார்."

கிளைவ் சட்டையின் முன்பக்கத்தை நீவிவிட்டுக்கொண்டான்.

"வேற ஏதாவது உதவி வேணுங்களா சார்?"

"இல்லம்மா. ரொம்ப நன்றி" என்றான்.

குறைதீர்ப்பாளருக்கு இருவரும் சேர்ந்தே எழுதினார்கள். இந்தத் தடவை கையெழுத்தை அவனே போட்டான். அங்கே ஒரு இளைஞன் பொறுமையாகப் பேசினான், எல்லாம் கேட்டுக்கொண்டான். சொந்தத் தொழில் செய்ததற்கு அந்த வருஷத்து வரிக் காகிதம் எதாவது ஒன்று அனுப்புங்கள், போதும் என்றான்.

"வரி கட்டியிருந்தாத்தானே காகிதம்" என்றான் கிளைவ், தொலைபேசியை வைத்தபிறகு. ஓடு மாற்றினால் கையில் நோட்டு, அந்த நோட்டு நேரே கறிக்கடைக்குப் போகும். அந்தத் துறைமுக ஊரில் கூரை வேலைக்கு ரசீது கேட்டவன் ஒருவனும் கிடையாது. வரி கட்டாததை இப்போது எழுதிக் கொடுத்தால் அது வேறொரு வம்பு. விசில் ஊதும் எதிர்வீட்டுக்காரர், என் கூரையை இவர்தான் தொண்ணூற்றேழில் மாற்றினார் என்று ஒரு கடிதம் எழுதித் தந்தார். ஓரமாகக் கூரையின் படம்கூட வரைந்திருந்தார். ஒரு கூரை வருமானத்துக்குச் சான்றாகாது என்று ஜனவரியில் பதில் வந்தது.

வாடகைப் பாக்கி வழக்கு வந்த அன்று ஷீனா தன் வண்டியில் அவர்களை நீதிமன்றத்துக்குக் கூட்டிப்போனாள். வழி முழுக்கப் பேசாமல் ஓட்டினாள். அவள் அப்படி ஓட்டியதை ஏவ்ரில் பார்த்ததில்லை. வழக்கு நாலு நிமிஷம்கூட நடக்கவில்லை. வீட்டுவசதிச் சங்கத்துப் பெண் பாக்கித் தொகையைப் படித்தாள். நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஏவ்ரிலைப் பார்த்தார்.

"வேற எங்கிருந்தாவது பணம் வரும்னு எதிர்பார்க்கறீங்களா?"

"எதிர்பாத்தோங்க" என்றாள் ஏவ்ரில்.

"இப்போ?"

"இல்லைங்க."

கிளைவ் தன் முறை வருமென்று தொண்டையைச் செருமிக்கொண்டான். அவனை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தெட்டு நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று உத்தரவாயிற்று. மாநகராட்சி அதற்குப் பதிலாக ஒரு அறை கொண்ட ஜாகை ஒன்று கொடுக்கும். ஆறாவது மாடி.

வெளியே கடல் பக்கமிருந்து காற்று அறைந்தது. ஷீனா வண்டியெடுக்கப் போயிருந்தாள். கிளைவ் கைப்பிடிச் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

"அங்க லிஃப்ட் இருக்குல்ல?"

"இருக்கு."

"ஓடுதா?"

"கேட்டேன். பெரும்பாலும் ஓடும்னாங்க" என்றாள் ஏவ்ரில். அவன் கழுத்தில் அவிழ்ந்து கிடந்த மஃப்ளரை இழுத்துக் கட்டிவிட்டாள். கொஞ்சம் இறுக்கமாகவே கட்டினாள்.