இறக்கத்தில் நைனாவின் இடது கை

அந்த அறையின் குளிர்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. வெளியே அபிராமபுரத்து வெயிலில் தார்ச்சாலை இளகிக்கொண்டிருக்கும். கறுப்புத் தாள் ஒட்டிய கண்ணாடிக் கதவைத் தள்ளி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே கால் வைத்தால், பழைய கார்ப்பெட்டின் ஈரவாடையோடு ஏசியின் குளிர் பாதத்திலிருந்து ஏறும். மூலைக் கணினியில் நான் விளையாட்டு லாரியை மலையிறக்கத்தில் விட்டதும் ஸ்பீக்கர் 'பர்ர்ர்ர்' என்று உறுமும், பெரிய விலங்கு ஒன்று தூக்கத்தில் தொண்டையைச் செருமுவதுபோல. அது எஞ்சின் பிரேக்கின் சத்தம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தேன். எங்கள் வீடு கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில். அப்பாவை நான் 'நைனா' என்றுதான் கூப்பிடுவேன். பன்னிரண்டு வருஷம் லாரி ஓட்டியவர், சேலத்துப் பக்கம் ஒரு மலையிறக்கத்தில் நடந்த விபத்தில் வலது முழங்கால் மடங்காமல் போனபின், அந்தக் கம்ப்யூட்டர் சென்டரில் 'வாட்ச்மேன்' ஆனார். மாணவர்கள் வராத மதியங்களில் சென்டர் சார் என்னை விளையாட விடுவார். மலைகள் நிறைந்த ஏதோ ஒரு நாட்டில் சரக்கேற்றிப் போகும் லாரி விளையாட்டு. அதற்கென்றே மேசையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டீயரிங்கும் பொருத்தியிருந்தார்.

எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான் என்பதால், விளையாட்டோடு வந்த ஆங்கிலக் கையேட்டை அகராதி வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தேன். நீண்ட இறக்கத்தில் கால் பிரேக்கையே நம்பினால் அது சூடேறிப் பிடிமானம் இழக்கும். எஞ்சின் பிரேக் என்பது எஞ்சினையே முட்டுக்கட்டையாக்குவது, அதனால் வண்டி கியரில் இருந்தால்தான் வேலை செய்யும். விலை கூடிய லாரிகளில் 'ரிடார்டர்' என்று வேறொன்று, சக்கரத்தைச் சுழற்றும் தண்டையே மெல்லப் பிடித்துக்கொள்ளும். இவ்வளவும் மனப்பாடம், ஆனாலும் விளையாட்டில் ஒரு மலையிலிருந்து மட்டும் என்னால் இறங்க முடியவில்லை.

வீட்டில் நைனா இதைப் பெருமையாகக் கேட்டுக்கொள்வார். "எங்க வண்டில அதெல்லாம் ஏது? ஏறுன கியர்லயே எறங்கு, அவ்ளோதான்" என்பார். கூடவே இன்னொன்றும் சொல்வார்: "உன் மாமன் கேட்டானா? டீசல் மிச்சம் புடிக்கிறேன்னு எறக்கத்துல கியர எடுத்துட்டு நியூட்ரல்ல உட்டான்."

அம்மாவின் தம்பி கஜா மாமா அதே லாரியில் மாற்று டிரைவர். விபத்தில் இறந்துபோனவர் அவர். மாமாதான் ஓட்டினார் என்பது நைனா சொல்லித்தான் எல்லோருக்கும் தெரியும். சொல்ல வேறு ஆளில்லை. மாமாவின் படத்தை அம்மா சுவரில் மாட்டவில்லை. டிரங்குப் பெட்டிக்குள் புடவைகளுக்கு அடியில் குப்புறக் கிடந்தது. மாமி வீட்டுக்கு வந்து அழுத அன்று, "என் புருஷன் கால ஒடிச்சவனுக்கு மாலை ஒரு கேடா?" என்று அம்மா கேட்டது என் காதில் விழுந்தது. மாமி அப்புறம் வரவேயில்லை.

ஒரு மதியம் நான் ஐந்தாவது முறையாகக் கவிழ்ந்ததும் சென்டர் சார் சிரித்தார். "நிஜ லாரி ஓட்டினவரை வாசல்ல உட்கார வெச்சுட்டு நீ ஏண்டா கவுத்துக்கிட்டே இருக்கே?" அவரே போய் நைனாவை அழைத்து வந்தார். பழைய பழக்கமாக இருக்கட்டும் என்று ரிடார்டர் இல்லாத லாரியைத் தேர்ந்தேன். ஸ்டீயரிங் நைனாவிடம், அவர் கால் மடங்காததால் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் கியரும் கீபோர்டில் என் விரல்களிடம்.

ஏற்றத்தில் முதலில் "மூணு போடு, ரெண்டு" என்று வாயால் சொன்னார். பிறகு பேச்சை விட்டுவிட்டார். அவர் இடது கை இறங்கி, நாற்காலிக்குப் பக்கத்தில் ஒன்றுமில்லாத காற்றில் கியரைப் பிடித்து மாற்றும். அதைப் பார்த்தே நான் பட்டனைத் தட்டினேன்.

"இன்னாடா, எதிர்ல வர்ற ஒரு வண்டிலயும் ஆளக் காணோம்?" என்றார். உண்மைதான், அந்தக் கண்ணாடிகளுக்குப் பின்னால் வெறும் கறுப்பு. அதுவரை நான் கவனித்ததில்லை.

உச்சி வந்தது. சாலை கீழே சாய்ந்தது. நைனாவின் இடது கை இறங்கி, காற்றைப் பொத்திப் பிடித்து, பின்னுக்கு இழுத்து, நடுவில் லேசாகத் தட்டிவிட்டது. யோசிக்கும் முன்பே என் விரல் அந்தக் கைக்குக் கீழ்ப்படிந்து நியூட்ரலை அழுத்திவிட்டது.

உறுமல் அடங்கியது. டயர் உரசும் 'ஸ்ஸ்' மட்டும் மிச்சம். நைனா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். பல வருஷம், பல இறக்கங்களில் அப்படிச் சாய்ந்தவரின் நிம்மதி அந்த முகத்தில் இருந்தது. வேகம் ஏறியது. நான் எஞ்சின் பிரேக் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்தேன். கியரில் இல்லாத வண்டி அதற்கு எப்படிக் கட்டுப்படும்? கால் பிரேக்கும் சூடேறிக் கைவிட்டது. நைனாவின் கை மறுபடி காற்றைப் பற்றி இழுத்தது, ஒருமுறை, இருமுறை. நானும் கியர் பட்டனைத் தட்டினேன், அந்த வேகத்தில் எதுவும் பிடிக்கவில்லை.

"இப்ப கியர் விழாது" என்றார். என்னிடம் சொல்லவில்லை. முகத்தை இடப்பக்கம் திருப்பினார். நான் வலப்பக்கம் இருந்தேன். இடப்பக்கத்தில் சுவரைத் தவிர எதுவும் இல்லை.

"கஜா. எந்திரிடா. கஜா."

திரை இருண்டது. பிறகு வண்டி எந்தக் கீறலும் இல்லாமல், எஞ்சின் துடிக்க, அதே உச்சியில் வந்து நின்றது.

"மறுபடியும் மேலேர்ந்தா?"

"ஆமா நைனா."

ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். கதவைத் திறந்து வெளியே போய் வெகுநேரம் செருப்பைத் தேடினார். அது அவர் காலடியிலேயே கிடந்தது.

தூங்குகிறவனைத்தான் எழுப்புவார்கள், வண்டி ஓட்டுகிறவனை யாரும் எழுப்புவதில்லை. அது எனக்கு அன்றே புரிந்துவிட்டது. நான் எதுவும் கேட்கவில்லை, அம்மாவிடம் சொல்லவும் இல்லை. "உன் மாமன் கேட்டானா" என்ற பேச்சு மட்டும் எங்கள் வீட்டில் அன்றோடு நின்றது.

அந்த சென்டர் இப்போது இல்லை. அங்கே அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்று நிற்கிறது. சென்டர் சார் எங்கே போனார் என்றும் தெரியவில்லை. மலையிறங்கும் சொகுசுப் பேருந்துகளில் இன்று ரிடார்டர் முனகுகிறது, பயணிகள் தூங்குகிறார்கள், நான் மட்டும் டிரைவரின் இடது கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன். நைனா போன வருஷம் இறந்தார். அவர் படத்துக்கு அம்மா தினமும் பூ வைக்கிறாள். பக்கத்தில் இன்னொரு படத்துக்கு இடம் இருக்கிறது.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. இதை நான்தான் அவளுக்குப் படித்துக்காட்ட வேண்டும்.