இருபது சாம்பல் புள்ளிகள்

என் கைபேசியில் இருபது புள்ளிகள் உண்டு. படப்பைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளிக்கு நான் வாங்கிக் கொடுத்த இருபது கணினிகள் அவை. கணினி ஓடினால் புள்ளி பச்சை, அணைந்திருந்தால் சாம்பல்.

ஒன்பதாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மருந்துக் கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதி, கம்பெனி வளர்த்து, அதை விற்றுவிட்டு, இப்போது பேனரில் ‘கொடையாளர்’ என்று போடுகிற ஆளாகிவிட்டேன். கவலைப்படுகிற குணம் மட்டும் என்னை விட்டுப் போகவில்லை. கொடுத்த பொருளையும் கண்காணிக்க ஒரு மென்பொருள் எழுதியது அதனால்தான்.

திறப்பு விழா அன்று இருபதும் பச்சை. மறுநாள் இருபதும் சாம்பல். மூன்று மாதமாக அப்படியே. கரண்ட் இல்லையோ, பரீட்சையோ, திருடு போய்விட்டதோ என்று மேடவாக்கம் வீட்டில் உட்கார்ந்து மருகினேன். தலைமை ஆசிரியைக்கு போன் செய்தால், “நல்லா போயிட்டிருக்கு சார்” என்பார். அந்த அம்மா பொய் சொல்கிறார் என்று என் கையிலிருந்த திரை சொன்னது.

ஒரு நாள் சொல்லாமல் கிளம்பினேன். தண்ணீர் லாரிக்குப் பின்னால் என் கார் நின்றபோது டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

“இன்னா சார், நிமிசத்துக்கு ஒரு தபா போனைப் பாத்துகினு கீற? நாம போறதுக்குள்ள அது பச்சையா மாறிடப் போவுதா?”

கணினி அறை பூட்டியிருந்தது. நான் வாங்கிக் கொடுத்த பூட்டுதான். தலைமை ஆசிரியை சாவியோடு வந்து திறந்தார். தரை பளபளத்தது. ஒவ்வொரு கணினிக்கும் நீலத் துணியில் உறை. விலக்கிப் பார்த்தால், திரையின் மூலையில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் காய்ந்து கிடந்தது. விசைப்பலகைகளின் பிளாஸ்டிக் தாளைக்கூட யாரும் பிரிக்கவில்லை.

“உறை நானே தைச்சேன். ஒரு கீறல் காட்டுங்க பார்ப்போம்” என்றார், பெருமையாக.

“பிள்ளைங்க எப்ப மேடம் தொடுவாங்க?”

“எனக்கு மே மாசம் ரிடையர்மென்ட் சார்.”

கேட்டதற்கு இதா பதில் என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவர் பீரோவைத் திறந்து ஒரு ஃபைலை எடுத்தார். நான் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம். ஏழாவது நிபந்தனைக்கு அடியில் சிவப்பு மையில் கோடு. ‘ஏதேனும் சேதம் ஏற்படின் தலைமை ஆசிரியரே முழுப் பொறுப்பு.’

“எல்லாம் ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என் பேர்ல ஏறியிருக்கு. ஒண்ணு உடைஞ்சாலும் என் பென்ஷன் ஃபைல் நகராது. இத்தனை வருஷம் வேலை பாத்துட்டு, ஒரு மவுஸுக்காக நான் ஆபீஸ் ஆபீஸா அலையணுமா, சொல்லுங்க.”

அந்த வரி தேவையில்லை என்று என் வக்கீல் அப்போதே சொன்னார். பிடிவாதமாகச் சேர்த்தது நான்தான். மேடவாக்கத்திலிருந்து சுமந்து வந்த கோபத்தை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பில் ஆய்வகத்து நுண்ணோக்கியின் கண்ணாடியை உடைத்தேன். அப்பாவோடு வந்தால்தான் வகுப்பு என்றார்கள். அப்பாவிடம் சொல்லவும் பயம், பள்ளிக்குப் போகவும் பயம். போகவே இல்லை. அதே பயத்தை நானே டைப் அடித்து, இந்த அம்மாவிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

“அந்த வரியை இப்பவே அடிச்சுடறேன் மேடம்.”

“அடிச்சா செல்லாது சார். லெட்டர்ஹெட்ல எழுதி சீல் வெச்சுக் கொடுங்க.”

என் அறக்கட்டளையின் சீல் மேடவாக்கத்தில் இருந்தது. திரும்பும் வழியெல்லாம் டிரைவருக்குச் சிரிப்பு. “பூட்டை நீ வாங்கிக் குடுத்துட்டு, ஏன் பூட்டினன்னு டீச்சராண்ட கேட்டா எப்டி சார்?”

கடிதம் எழுத நான்கு தாள் கிழிந்தது. ‘கவனக்குறைவு இல்லாத பட்சத்தில்’, ‘சாதாரணப் பயன்பாட்டில் மட்டும்’ என்று ஒவ்வொன்றிலும் ஒரு நிபந்தனை எப்படியோ நுழைந்துவிட்டது. என் கை மேலேயே எனக்கு எரிச்சல். கடைசியில் ஒற்றை வரி: ‘உடைந்தால் யாரும் பொறுப்பல்ல.’ சீல் குத்தி, மறுநாள் கொண்டு போய்க் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டுத்தான் அவர் சாவியை எடுத்தார்.

நான் வீடு வந்து சேர்வதற்குள் புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. மூன்றாம் நாள் பத்தொன்பதுதான் பச்சை. அரைமணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு போன் செய்தேன்.

“ஆமா சார், ஒரு பொண்ணு தண்ணி பாட்டிலைக் கவுத்துட்டா. மெஷின் போச்சு.” குரலில் பதற்றமே இல்லை. “உங்க லெட்டர் பீரோல பத்திரமா இருக்கு.”

“அந்தப் பொண்ணு?”

“வந்திருக்காளே. பக்கத்து மெஷின்ல உக்காந்திருக்கா.”

“சரி மேடம்” என்று வைத்துவிட்டேன். பாட்டிலை ஏன் உள்ளே விட்டீர்கள் என்று கேட்காமல் இருப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது.