அப்பாவின் பாக், அம்மாவின் பாக்

போன செவ்வாய்க்கிழமை மருத்துவக் காப்பீட்டுக்காரர்களுக்குப் போன் போட்டுவிட்டு, மனிதர் யாராவது எடுப்பார் என்று காத்துக்கொண்டிருந்தேன். காத்திருப்பவர்கள் ஓடிப்போகாமலிருக்க ஒரு இசையை ஓடவிடுவார்களே, அதில் பாக் வந்தார். நாலு வரி வாசிப்பார். உடனே ஒரு பெண் குரல் குறுக்கே வந்து, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று சொல்லும். பாக் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார். அரை மணி நேரம் இப்படியே. அந்தப் பாட்டை ஒரு தடவையாவது முடிக்கவிட்டிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

பாக் யார் என்று கேட்பவர்களுக்காக: முந்நூறு வருஷத்துக்கு முன் ஜெர்மனியில் வாழ்ந்தவர். சர்ச்சில் ஆர்கன் வாசித்தவர், ஞாயிற்றுக்கிழமைக்கு ஞாயிற்றுக்கிழமை புதுப் பாட்டு எழுதிக் கொடுத்தவர், இரண்டு மனைவிகள் மூலம் இருபது பிள்ளைகள் பெற்றவர், கடைசியில் கண் ஆபரேஷன் செய்து பார்வை போய்ச் செத்தவர். நான் மென்பொருளைச் சோதித்துத் தவறு கண்டுபிடிக்கும் வேலை பார்க்கிறவள். எதையும் வரிசையாக அடுக்கிப் பார்த்தால்தான் எனக்குச் சாப்பாடு இறங்கும். ஆனால் இந்த வரிசை நான் போட்டதல்ல, அப்பா போட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் இதே வரிசையில்தான் சொல்வார்.

அப்போது நாங்கள் நியூ ஜெர்சியில், பார்சிப்பனியில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் இந்தியக் கடைகள் இருக்கிற ஐசலினுக்குக் காரை விடுவார் அப்பா. கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் வாங்கி, மசால் தோசை தின்றுவிட்டுத் திரும்பும்வரை காரில் பாக் சீடிதான். பின்சீட்டில் கொத்தமல்லிக்கட்டு வாசனையோடு உட்கார்ந்து கேட்டதாலோ என்னவோ, இன்றைக்கும் சில இடங்களில் அந்த இசை எனக்குப் பச்சையாக மணக்கிறது. இதை ஒரு கச்சேரிக்குப் போனபோது பக்கத்தில் இருந்த தோழியிடம் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னைக் கச்சேரிக்குக் கூப்பிடவில்லை.

அப்பாவுக்கு ரொம்பப் பிடித்த கதை, பாக் ஜெயிலுக்குப் போனது. ஒரு டியூக்கிடம் வேலை பார்த்தவர், வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்து, போகிறேன் என்று பிடிவாதம் பிடித்ததற்காக டியூக் அவரைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டார். "அப்பவே ஹெச்-ஒன்-பி இருந்திருக்கு பாருங்க! டியூக்தான் ஸ்பான்சர். டிரான்ஸ்ஃபர் கேட்டா ஜெயில்!" என்பார் அப்பா. வந்தவர்கள் எல்லாரும் அதே விசாவில் இருந்தவர்கள். வயிறு குலுங்கச் சிரிப்பார்கள்.

அப்பாவுக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தது அம்மாவுக்கு.

அம்மா தஞ்சாவூரில் எங்கள் லுத்தரன் சபையின் ஆர்கனிஸ்ட். சம்பளம் வாங்கிய ஆர்கனிஸ்ட். எங்கள் சபைகளைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தரங்கம்பாடிக்குக் கப்பலேறி வந்த ஜெர்மானியப் பாதிரிகள் தங்கள் ஊர் மெட்டுகளையும் கூடவே கொண்டுவந்து, அவற்றுக்குத் தமிழில் வார்த்தை போட்டார்கள். அவற்றை ஞானப்பாட்டு என்போம். தாத்தா காலத்திலிருந்து பாடிப் பாடி, இழுத்து இழுத்து, அவை எங்கள் ஊர்ப் பாட்டுகளாகவே ஆகிவிட்டன. வேறு எந்த ஊருக்கும் அவற்றில் பங்கு இருக்கும் என்று எங்களில் யாரும் நினைத்ததில்லை.

பார்சிப்பனியில் ஒரு அமெரிக்க லுத்தரன் சர்ச்சை ஞாயிறு சாயங்காலங்களில் தமிழ்ச் சபைக்கு விட்டிருந்தார்கள். காலை பத்து மணி ஆராதனை அவர்களுக்கு, நாலு மணி நமக்கு. நாங்கள் வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள் சீக்கிரமே போய்விட்டோம். தரைக்குப் போட்ட பாலிஷும் காலையில் கருகின காப்பியும் கலந்து ஒரு வாசனை. மாடியில் அவர்களுடைய ஆர்கனிஸ்ட் அம்மாள் பழகிக்கொண்டிருந்தாள். எங்கள் அம்மா கோட்டைக்கூடக் கழற்றாமல் நடுவழியில் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்க, நம்ம தவக்காலப் பாட்டு! யாரு நம்ம ஆளுங்க மேல? ஏன் இப்படி மெட்டைச் சுத்திச் சுத்தி மறைக்கறாங்க?"

அப்பா தடுப்பதற்குள் படியேறிப் போய், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அந்த அம்மாளிடம், இது எங்கள் பாட்டு, தமிழ்ப் பாட்டு, மெட்டு தெளிவாகக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அவள் சிரித்துக்கொண்டே நோட்ஸின் மேலே இருந்த பெயரைக் காட்டினாள்.

"கிரேஸ், அது பாக்! பாக்!" என்று அப்பா கீழே நின்று தலையில் அடித்துக்கொண்டார்.

"யாரா இருந்தா என்ன? மெட்டு நம்மளது" என்றாள் அம்மா.

அந்த ஆர்கனிஸ்ட் நல்லவள். நகர்ந்து உட்கார்ந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். தஞ்சாவூர் ஆர்கனில் காலால் மிதிப்பது காற்றுக்காக. இங்கே காலுக்கும் ஒரு வரிசை கட்டைகள், காலும் சுரம் வாசிக்க வேண்டும். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கட்டையை மிதித்தாள். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் முதுகில் அது அதிர்ந்தது.

அதற்குப் பிறகு அப்பா அலுவலகம் போகிற வழியில் அம்மாவை அங்கே இறக்கிவிடுவது வழக்கமாயிற்று. கிழமை நாட்களில் ஹீட்டர் போட மாட்டார்கள். கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்து, காலுக்கு மெல்லிய அடியுள்ள ஷூ வாங்கிப் போட்டுக்கொண்டு, அந்தச் 'சுத்திச் சுத்தி' வாசிப்பதைக் கற்றாள். நம் சபைக்கு வாரம் தவறாமல் வாசித்தாள், சும்மாதான். அம்மாவுக்கு இருந்தது அப்பாவின் விசாவைத் தொற்றிக்கொண்டு வந்த விசா. அதில் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம், விக்டர் அங்கிள் வந்திருந்தார். நம் சபைக்காரர், அப்பாவின் அலுவலகத்திலேயே வேலை. அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"வாரத்துக்கு ஒண்ணு, விக்டர். ஃபுல் கொயர், ஆர்கெஸ்ட்ரா, எல்லாத்துக்கும் எழுதணும். வாரா வாரம் டெலிவரி! நம்ம ப்ராஜக்ட்ல எவனாவது பண்ணுவானா?"

"அதையெல்லாம் உக்காந்து காப்பி எடுத்தது யாருன்னும் சொல்லுங்க" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"என்ன சிஸ்டர், பாக் மேலயே கேஸ் போட்டுருவீங்க போலருக்கே!"

"போட வேண்டியதுதான் பிரதர். அவரு சம்சாரம் அரண்மனையில சம்பளம் வாங்கிப் பாடினவங்க. இவரு வேலை மாத்திக்கிட்டுப் பெரிய ஊருக்குக் கூட்டிட்டுப் போனாரு. அந்த ஊர் சர்ச்ல பொம்பளைங்க பாடக் கூடாதாம். அவ்வளவுதான், முடிஞ்சுது."

"பசங்க படிப்புக்காகப் போனாரு கிரேஸ்."

"ஆமா. எல்லாரும் அதுக்குத்தான் போறாங்க."

அங்கிள் அப்பாவைப் பார்த்தார். அப்பா சிரித்துக்கொண்டே, "சரி, கட்லெட் எங்க?" என்றார். கட்லெட் வந்தது.

சீடிப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சிறு புத்தகங்களை அப்பா பிரித்ததே இல்லை. அம்மா எல்லாவற்றையும் அகராதி வைத்துக்கொண்டு படித்திருந்தாள். பாக்கின் இரண்டாம் மனைவிக்கு ஒரு பெயர் உண்டு என்பதே எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். அன்னா மக்தலேனா. பக்கம் பக்கமாக நகலெடுத்து அவளுடைய கையெழுத்தே கணவரின் கையெழுத்து மாதிரி ஆகிவிட்டதாம். எது யார் எழுதியது என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் திண்டாடுகிறார்களாம். இதை ஒரு பெரிய அன்புக்கு அடையாளமாக அந்தச் சிறு புத்தகத்தில் எழுதியிருந்தது. அவர் செத்த பிறகு அவள் தருமப் பணத்தில் காலம் தள்ளினாள் என்பது அதற்கு அடுத்த வரி.

நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒருவழியாக நகர்ந்து, அம்மாவுக்கு வேலை செய்ய அனுமதி அட்டை வந்தது. அதே கோடையில் அந்த ஆர்கனிஸ்ட் அம்மாள் ஓய்வு பெற்று ஃப்ளோரிடாவுக்குப் போனாள். அக்டோபரில் அந்தச் சபையின் போதகர், பாஸ்டர் லிண்டா, அம்மாவைக் கூப்பிட்டு ஒரு ஞாயிறு காலை ஆராதனைக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். அம்மா மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பச்சைப் பட்டுப்புடவையில் போய், எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்தத் தவக்காலப் பாட்டின் மெட்டை வைத்துப் பாக் எழுதியதையே வாசித்தாள். அது தவக்காலமே இல்லை. அங்கிருந்த யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. முடிந்ததும் ஒரு கிழவர் எழுந்து நின்றார், பிறகு எல்லாரும் நின்றார்கள். காப்பி மேசைக்குப் பக்கத்தில் பாஸ்டர் லிண்டா அம்மாவின் கையைப் பிடித்து, கிறிஸ்துமஸுக்கு நாலு வாரம் முன்னால் வருகிற அட்வென்ட் முதல் ஞாயிற்றிலிருந்து நீங்கள்தான் என்றார். "ரியலி?" என்றாள் அம்மா. அவர் ஆமாம் என்றார். "ரியலி?" என்று மறுபடியும் கேட்டாள்.

காரில் ஏறியதும், "என்னங்க, வேலை குடுத்துட்டாங்க" என்றாள்.

"வெரி குட் கிரேஸ். ப்ரெய்ஸ் காட்" என்றார் அப்பா. இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு, "ஒண்ணு சொல்லணும். அந்த சான்டா கிளாரா ஆஃபர் வந்துச்சுல்ல. அக்செப்ட் பண்ணிட்டேன். நவம்பர்ல ஜாயின் பண்ணணும்."

"எப்பப் பண்ணீங்க?"

"போன வாரம்."

"இன்னிக்கு நான் வாசிக்கப் போறேன்னு தெரியும்ல?"

"தெரியும். நல்லா வாசிச்சியே! அங்கயும் சர்ச் இருக்கும் கிரேஸ். பாப்பா படிப்புக்குக் கலிஃபோர்னியாதான் கரெக்ட்."

பாப்பா பின்சீட்டில்தான் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை. பிறகு, வழக்கம்போல, அப்பா பாக் சீடியைப் போட்டார். அம்மா அதை நிறுத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "ஹீட்டரைக் கொறைங்க" என்று மட்டும் சொன்னாள்.

சான்டா கிளாராவில் சர்ச் இருந்தது. கிட்டார், டிரம்ஸ், சுவரில் திரை, திரையில் வரிகள். பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கிறது என்றார்கள் அந்தத் தமிழ்ச் சபையில். அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி நான். எனக்கு என்ன பிடிக்கும் என்று அங்கேயும் யாரும் கேட்கவில்லை. அம்மா நாலாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்ட வேண்டிய இடத்தில் தட்டினாள். வேறு அமெரிக்க சர்ச்சில் கேட்டுப் பாரும்மா என்று நான் பலமுறை சொன்னேன். "ஒரு எடத்துல சரின்னு சொல்லிட்டு வரமாட்டேன்னு சொல்லியாச்சு. போதும்" என்பாள்.

அப்பா அம்மாவின் பிறந்தநாளுக்கு ஒரு மின்சாரக் கீபோர்டு வாங்கிவந்தார். அபார்ட்மென்ட்டில் சுவர் மெல்லிசு, அப்பாவுக்கு வீட்டிலிருந்தே மீட்டிங்குகள், அதனால் கூடவே ஹெட்போனும். பள்ளி விட்டு வந்து கதவைத் திறந்தால், பிளாஸ்டிக் கட்டைகள் தட்டுப்படுகிற டக் டக் சத்தம் மட்டும் கேட்கும். அம்மாவின் காதுக்குள் பாக் ஓடிக்கொண்டிருப்பார். கீழே கால் இரண்டும் வெறும் கம்பளத்தில் இடமும் வலமும் போய்க்கொண்டிருக்கும். ஒரு வருஷத்தில் கால் நின்றது. அப்புறம் சத்தமும் நின்றது. அதன் மேல் துணி மடித்து வைக்க ஆரம்பித்தோம்.

நான் கடைசியில் படித்தது டெக்சாஸில்.

அப்பாவைக் கெட்டவராக எழுத முடிந்திருந்தால் இது இதைவிடச் சின்னக் கட்டுரையாக இருந்திருக்கும். இன்றைக்கும் காலையில் அம்மாவுக்குப் பழம் நறுக்கிக் கொடுத்துவிட்டுத்தான் தனக்குக் காப்பி போடுவார். தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரியாது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சென்ற இலையுதிர் காலத்தில் அலுவலக வேலையாகப் பார்சிப்பனி போனேன். சர்ச் கட்டடம் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் டேகேர் ஆகியிருந்தது. ஆர்கன் இருந்த மாடியைப் பலகை வைத்து அடைத்து, அதில் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருந்தார்கள். பாஸ்டர் லிண்டாவைத் தேடிப் போய்ப் பார்த்தேன், ஓய்வு பெற்றுவிட்டார். உன் அம்மாவுக்குப் பிறகு ஆளைத் தேடினோம், கிடைக்கவில்லை என்றார். பொத்தானை அமுக்கினால் பாட்டு வருகிற பெட்டி ஒன்று வாங்கினார்களாம். ஆட்கள் குறைந்துகொண்டே வந்து கட்டடத்தை விற்றபோது, ஆர்கனைப் பிரித்து, குழாய்களைப் பழைய உலோகமாக எடைக்குப் போட்டுவிட்டார்களாம்.

வாடகைக் காரில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். டேகேரைச் சொன்னேன். எடைக்குப் போட்டதைச் சொல்லவில்லை. கேட்டால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்த ஒன்றைச் சொன்னேன்.

"உனக்கப்புறம் யாருமே வாசிக்கலையாம்மா. கடைசி வரைக்கும் அந்த எடத்துக்கு ஆளே வரல."



"யாரோ நல்லா வாசிக்கறவங்க வந்திருப்பாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் பாப்பா" என்றாள். "ஞாயித்துக்கிழமை இங்க காலைல ஏழு மணி ஆனா, அங்க பத்து. இந்நேரம் ஆரம்பிச்சிருப்பாங்கன்னு நெனச்சுக்குவேன். வாரா வாரம். சரி, இனிமே அதுவும் இல்ல."