கிளினிக் நாளின் கராம்பு வாசம்

போன வெள்ளிக்கிழமை புரியாணி ஆக்குவதற்காக என் மனைவி கராம்பு டப்பாவைத் திறந்தார். எனக்குப் பசி வரவில்லை. ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள். கல்முனைப் பக்கத்தில் என் வயதுக்காரர் எவரையாவது கேட்டுப் பாருங்கள். ஒரு காலத்தில் நீரிழிவுக்காரர் காத்திருக்கும் சீனி வருத்தக் கிளினிக்கின் வாங்குகளில் பினாயிலைவிடக் கராம்புதான் கூடுதலாக மணக்கும்.

காரணம் இதுதான். வந்திருப்பவர்களில் பலர் காலையில் வீட்டில் ஏதாவது ஓர் இலையை மென்றிருப்பார்கள், அல்லது வேரை அவித்துக் குடித்திருப்பார்கள். அந்தப் பச்சை வாடை டொக்டரின் மூக்குக்கு எட்டக் கூடாது என்று கேட்டடியில் வைத்து ஒரு கராம்பை வாயில் போட்டுக்கொள்வார்கள். டொக்டரிடம் இலையைப் பற்றிக் கதைப்பதில்லை. பரிசாரியாரிடம் குளிசையைப் பற்றிக் கதைப்பதில்லை. மாத்திரையைக் குளிசை என்றும் நாட்டு வைத்தியரைப் பரிசாரியார் என்றும் நாங்கள் சொல்வோம். இரண்டு பேருடைய மனமும் நோகக் கூடாதாம். அது எங்கள் ஊர் மரியாதை.

என் கூடப் பிறந்த மூத்த ராத்தாவின் கணவர் இந்த மரியாதையில் ஊறியவர். சந்தைக்குப் பின்னால் இனிப்புக் கடை வைத்திருந்தார். சர்க்கரைக் கட்டியும் தேங்காய்ப்பாலும் கிண்டிச் செய்யும் அவருடைய தொதலுக்காக அக்கரைப்பற்றிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அவருக்குச் சீனி என்று தெரிந்த அன்று, "தொதல்காரனுக்கு வராம மீன்காரனுக்கா வரும், மச்சான்?" என்று சிரித்தார். ஆனால் இதே வருத்தத்தில்தான் அவருடைய வாப்பாவுக்குக் கால் எடுத்தார்கள். சிரித்துக்கொண்டிருந்தவர் தன் கால் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

அந்தப் பயத்தில் இரட்டை வைத்தியம் தொடங்கியிருக்கிறார். கிளினிக் குளிசை வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. பரிசாரியார் கொடுத்த சிறுகுறிஞ்சா இலை யாருக்கும் தெரியாது. காலையில் கடையைத் திறந்ததும் இலையை மென்று, பின்னால் ஒரு கராம்பையும் போட்டுக்கொண்டு, தொதல் கிண்டும் தாச்சியை அடுப்பில் ஏற்றுவார்.

கொஞ்ச நாளில் தொதல் திகட்டத் தொடங்கியது. சர்க்கரை கூடிப்போச்சு என்று வாடிக்கையாளர்கள் முறையிட்டார்கள். மச்சான் ஒப்புக்கொள்ளவில்லை. "இப்ப வாற சர்க்கரையில இனிப்பே இல்ல" என்று இன்னும் இரண்டு கட்டி தட்டிப் போட்டார்.

இது நடந்தது சுனாமிக்கு அடுத்த வருடம். எந்த மாதம் என்பதில் எனக்கும் ராத்தாவுக்கும் இன்றும் தகராறு. நோன்புக்கு முந்திய மாதம், அதாவது செப்டம்பர், என்கிறார் அவர். அன்று தென்மேற்குக் கச்சான் காற்று அடுப்புத் தீயைச் சாய்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது; ஆகவே ஜூன் அல்லது ஜூலை. வீட்டில் மற்ற எல்லா விஷயத்திலும் விட்டுக்கொடுப்பவன் நான். தேதி ஒன்றிலாவது பிடிவாதம் வேண்டாமா?

அன்று கிளினிக் நாள். மச்சானை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப்போக நான் கடைக்கு வந்திருந்தேன். கலியாண வீட்டு ஓடர் ஒன்றுக்காகத் தொதல் கொதித்துக்கொண்டிருந்தது. கிண்டிக்கொண்டிருந்தவரின் கை நடுங்கியது. உடம்பெல்லாம் வியர்த்து, தாச்சிப் பக்கமாகவே சாய்ந்தார். கடையில் உதவிக்கு நின்ற ராத்தா அவர் சட்டையைப் பிடித்து இழுத்துச் சுவரோடு இருத்தினார். இரத்தத்தில் சீனி இறங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள். ஒரு கை சீனியை எடுத்து அவர் வாயில் போட்டார்.

மச்சான் முகத்தைச் சுளித்தார். "மண்ண அள்ளிப் போடுறியா, புள்ள?"

ராத்தாவின் கை அப்படியே நின்றது. சின்ன வயதில் வேலியில் படர்ந்த குறிஞ்சாவை மென்றுவிட்டுச் சீனி தின்று சிரிக்காத பிள்ளை எங்கள் தெருவில் இல்லை. அந்த இலை நாக்கின் இனிப்பைக் கொஞ்ச நேரம் மூடிவிடும், சீனி மணலாகிவிடும்.

"குறிஞ்சா திண்டீங்களா? உண்மையச் சொல்லுங்க!"

"ஓம்."

"மண்ணெண்டாலும் முழுங்குங்க!"

விழுங்கினார். நாக்குக்குத் தெரியாத இனிப்பு இரத்தத்துக்குத் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது.

கிளினிக்கில் இருந்தவர் காரைதீவைச் சேர்ந்த இளம் டொக்டர். ராத்தா எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டொக்டர் ஏசுவார் என்றுதான் நினைத்தோம். அவர் அண்ணன் முறை வைத்தே பேசினார். "காக்கா, இலை கூடாதெண்டு நான் சொல்லல்ல. குளிசையும் இலையும் சேர்ந்து சீனிய இறக்கினா எனக்கு எப்பிடித் தெரியும்? இப்ப இலைய நிப்பாட்டுங்க. இனி எது எண்டாலும் முதல்ல என்னட்டச் சொல்லுங்க" என்றார்.

பின்னேரம் பரிசாரியாரிடம் போனோம். அவர்தான் ஏசினார். "குளிசை போடுறெண்டு சொல்லியிருந்தா நான் ஒரு இலையும் தந்திரிக்க மாட்டன். எனக்கிட்ட என்னத்துக்கு வெக்கம்?"

மச்சானுக்கு நாக்கு திரும்பியது. தொதலும் பழைய பதத்துக்கு வந்தது. தான் மண் தின்ற கதையை அவரே கடைக்கு வருவோரிடமெல்லாம் சொன்னார். அதைக் கேட்ட சிலர் கிளினிக்கில் உண்மை பேசத் தொடங்கினார்கள் என்று நம்புகிறேன். இதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது.

இந்தத் திங்கட்கிழமையும் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். கேட்டிலிருந்து தன் இரண்டு காலாலும் நடந்தே வந்தார். தாதி இப்போது எல்லோரிடமும் கேட்கிறார்: "இலை, வேர், கசாயம் ஏதும் எடுக்கிறீங்களா?"

"நேத்துக் கொத்தமல்லித் தண்ணி, மிஸ்ஸி. போன கிழமை முருங்கையிலைச் சுண்டல். அதுக்கு முன்ன…"

"காணும் காக்கா, பின்னால ஆக்கள் நிக்கிறாங்க!"

வாங்கில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். பினாயில் வாசம் மட்டும்தான் வந்தது.